மீட்டர் ஆடுகிறது, ஹெட்போனில் கேட்கிறது, மீட்டிங்கில் மட்டும் என் குரல் இல்லை

வகுப்பறை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். சுருக்கமாகக் கேட்டால் "மைக் பெர்மிஷன் பார்த்தீர்களா" என்ற கேள்விதான் திரும்பி வரும். அதெல்லாம் பார்த்தாகிவிட்டது.

பள்ளி மாணவர்களுக்கு ஆன்லைனில் இயற்பியல் வகுப்பு எடுக்கிறேன். மேசைக் கணினி, விண்டோஸ் 11. இதுவரை வெப்கேமராவிலேயே இருக்கிற மைக்கில் பேசி ஓட்டிக்கொண்டிருந்தேன். அறை எதிரொலி, மின்விசிறிச் சத்தம், கீபோர்டுத் தட்டல் எல்லாம் சேர்ந்து வருகிறது என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மேடைக் கச்சேரிகளில் பாடுகிறவர்கள் கையில் பிடிக்கிற மாதிரி டைனமிக் மைக் ஒன்று நண்பரிடம் சும்மா கிடந்தது. அதை வாங்கி வந்தேன். அதன் அடியில் மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் முனை. ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர், மறுபக்கம் 3.5 மி.மீ. பின் உள்ள கேபிள் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, கேபினெட்டின் பின்பக்கம் பிங்க் நிறத் துளையில் செருகினேன்.

இப்போது நிலவரம் இதுதான். செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போய்ப் பேசினால் இன்புட் பட்டை ஆடுகிறது. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தால் அலை தெரிகிறது. ஹெட்போனில் போட்டுக் கேட்டால் என் குரல் இருக்கிறது. சத்தம் குறைவுதான், ஆனாலும் வார்த்தைகள் புரிகின்றன. மீட்டிங்கில் சேர்ந்து பேசினால் மட்டும் யாருக்கும் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு மாணவி, "சார், ரொம்ப தூரத்துல யாரோ கிசுகிசுக்கிற மாதிரி வருது" என்றாள். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

செய்து பார்த்தவை: மீட்டிங் ஆப்பில் சரியான மைக்கைத் தேர்வு செய்தேன். வேறொரு ஆப்பில் பார்த்தேன், பிரவுசர் வழியாகவும் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே கதை. நாய்ஸ் சப்ரஷனை அணைத்தேன். ரியல்டெக் சவுண்ட் டிரைவரை அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன். முன்பக்கத் துளையிலும் செருகிப் பார்த்தேன். வகுப்பின் நடுவில் வெப்கேமரா மைக்குக்கு மாற்றினால் அந்த நொடியே எல்லோருக்கும் கேட்கிறது.

மைக் பழுது என்றால் பதிவில் எப்படிக் குரல் விழுகிறது? ஆப் பழுது என்றால் எல்லா ஆப்பிலும் எப்படி ஒரே மாதிரி நடக்கும்? எனக்குப் பிடிபடவில்லை.


நள்ளிரவு:

பெர்மிஷன் பார்த்தாகிவிட்டது என்கிறீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் மைக்ரோஃபோன் பக்கத்தில் இருப்பது ஒரு சுவிட்ச் இல்லை. முதலாவது கணினி முழுவதற்கும், அடுத்தது ஆப்களுக்கு. அதன் கீழே நீளமான ஆப் பட்டியல் வரும், பலரும் அதோடு நின்றுவிடுவார்கள். அதையும் தாண்டிக் கீழே போனால் டெஸ்க்டாப் ஆப்களுக்கென்று தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. ஸ்டோரிலிருந்து வராத புரோகிராம்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். அது அணைந்திருந்தால் ஆப்பில் மைக்கின் பெயர் தெரியும், சத்தம் மட்டும் போகாது.

இன்னொன்று, பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் ரெக்கார்டிங் டேபில் மைக்கின் பிராபர்ட்டீஸைத் திறந்து, அட்வான்ஸ்டு பகுதியில் எக்ஸ்க்ளூசிவ் மோட் என்று இருக்கிற இரண்டு டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஒரு புரோகிராம் மைக்கைத் தனக்கு மட்டும் என்று பிடித்துக்கொண்டால் மற்றவற்றுக்குக் கிடைக்காது. பிரவுசர் என்றால் முகவரிப் பட்டையில் அந்தத் தளத்துக்கான அனுமதியையும் பாருங்கள். எச்டிடிபிஎஸ் இல்லாத தளத்துக்குப் பிரவுசர் மைக்கையே தராது.


வகுப்பறை:

நன்றி. மூன்று சுவிட்சும் ஆன். எக்ஸ்க்ளூசிவ் டிக்குகளை இப்போது எடுத்துவிட்டேன், மாற்றமில்லை. அதே ஆப், அதே அனுமதி, அதே மீட்டிங்கில் வெப்கேமரா மைக் வேலை செய்கிறது. ஆகவே அனுமதி சார்ந்த விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.


செம்புக்கம்பி:

டைனமிக் மைக்கை நேராகக் கணினியில் செருகினால் இப்படித்தான் ஆகும். அந்தப் பிங்க் துளை எலெக்ட்ரெட் மைக்குக்காக வைத்தது. 1962-இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கிய வகை அது. ஹெட்செட், லேப்டாப் என்று கணினிப் பக்கம் நாம் பார்க்கிற சின்ன மைக்குகளில் பெரும்பாலானவை அந்தப் பரம்பரைதான், அல்லது அதற்குப் பின் வந்த சிலிக்கான் சில்லு வகை. எலெக்ட்ரெட் கேப்ஸ்யூலுக்குள் ஒரு சிறிய டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கும். அதற்கு வேண்டிய சில வோல்ட் மின்னழுத்தத்தைத் துளையே கொடுத்துவிடும்.

உங்கள் மைக்கில் அந்த டிரான்சிஸ்டர் இல்லை. காந்தத்துக்கு நடுவில் ஒரு கம்பிச் சுருள், குரல் பட்டால் அசைகிறது, சில மில்லிவோல்ட் பிறக்கிறது, அவ்வளவுதான். மேடையில் அதை மிக்ஸர் பல நூறு மடங்கு பெருக்கிக்கொள்ளும். கணினித் துளைக்கு அந்தத் தெம்பு கிடையாது. மைக் பிராபர்ட்டீஸில் லெவல்ஸ் டேபுக்குப் போங்கள். மைக்ரோஃபோன் பூஸ்ட் என்று இன்னொரு ஸ்லைடர் இருந்தால் 20 அல்லது 30 டெசிபலுக்கு ஏற்றுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் யுஎஸ்பி மைக் ஒன்று வாங்கிவிடுவதே நிம்மதி.


வகுப்பறை:

பூஸ்ட் 30 வரை ஏற்றினேன். பதிவில் என் குரல் இப்போது நன்றாக உரக்கக் கேட்கிறது, பின்னணியில் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலோடு. மீட்டிங்கில் நடந்ததுதான் வேடிக்கை. இரைச்சல் எல்லோருக்கும் கேட்கிறது. என் குரல் கேட்கவில்லை! இரைச்சல் போகிற கம்பியில் குரல் மட்டும் எப்படிப் போகாமல் இருக்கும்?


ஒலிப்பெட்டி:

இந்தக் கடைசிப் பதிவைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டிரைவரை இனித் தொடாதீர்கள். இன்புட் பட்டை ஆடுகிறது என்றால் மைக், கேபிள், துளை, டிரைவர் என்று விண்டோஸ் வரைக்கும் வழி திறந்திருக்கிறது என்று பொருள். திறந்திருக்கிற கதவின் கீலைக் கழற்றி மாட்டிப் பயனில்லை.

மூன்று விஷயம் சொல்லுங்கள். அந்த 3.5 மி.மீ. பின்னில் எத்தனை கறுப்பு வளையங்கள்? ஆடாசிட்டியில் பதிவு செய்யும்போது ஒரு அலை வருகிறதா, மேலும் கீழுமாக இரண்டா? ஹெட்போனில் கேட்கும்போது குரல் தலைக்கு நடுவில் நிற்கிறதா, அல்லது இரண்டு காதுக்கும் வெளியே எங்கோ பரவி, இடமே சொல்ல முடியாத மாதிரி இருக்கிறதா?

முடிந்தால் அந்தப் பதிவை ஒரே ஒரு ஸ்பீக்கர் உள்ள போனில் போட்டுக் கேளுங்கள். ஹெட்போன் வேண்டாம்.


வகுப்பறை:

இரண்டு கறுப்பு வளையம். ஆடாசிட்டியில் மேலும் கீழுமாக இரண்டு அலை, எல், ஆர் என்று. ஹெட்போனில், நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன், குரல் நடுவில் இல்லை. கொஞ்சம் தலை சுற்றுகிற மாதிரி, பின்னந்தலைப் பக்கமிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. மைக் தரம் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன் சோதனையை என் அக்காவை வைத்துச் செய்தேன். அவளிடம் பழைய போன்தான் இருக்கிறது. ஃபைலை அனுப்பினால், "டேய், வெத்து ஃபைல அனுப்பியிருக்க, வெறும் காத்துச் சத்தம்தான் வருது" என்கிறாள். அதே ஃபைல் என் ஹெட்போனில் பேசுகிறது!


ஒலிப்பெட்டி:

சரி, பிடித்துவிட்டோம். மைக் நன்றாக இருக்கிறது, கணினி நன்றாக இருக்கிறது, ஆப்களும் நன்றாகவே இருக்கின்றன. அந்தக் கேபிள் உங்கள் குரலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மற்றொன்று அழிக்கும்படி அனுப்பிக்கொண்டிருக்கிறது. இயற்பியல் வாத்தியாருக்கு இது போதும், ஆனால் பின்னால் படிக்க வருகிறவர்களுக்காக முழுதாக எழுதுகிறேன்.

எக்ஸ்எல்ஆரில் மூன்று பின். 1 தரை. 2-லும் 3-லும் ஒரே குரல்தான் வருகிறது, ஆனால் நேர் எதிராக. 2-இல் அலை மேலே ஏறும்போது 3-இல் அதே அளவு கீழே இறங்கும். மேடையில் கேபிள் நீளநீளமாக ஓடும், வழியில் விளக்கு, மின்கம்பி எல்லாவற்றின் 'ம்ம்ம்' இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். அந்த இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே திசையில் ஏறும். மிக்ஸர் 2-லிருந்து 3-ஐக் கழிக்கிறது. ஒரே திசையில் வந்த இரைச்சல் கழிந்துபோகிறது, எதிரெதிராக வந்த குரல் இரட்டிப்பாகிறது. மிக அழகான ஏற்பாடு, ஆனால் மறுமுனையில் கழிக்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

கணினியின் பிங்க் துளைக்குக் கழித்தல் தெரியாது. பின்னின் நுனியை இடது சேனல் என்றும், நடு வளையத்தை வலது சேனல் என்றும் எடுத்துக்கொள்கிறது. உங்கள் கேபிளைச் செய்தவர்கள் 2-ஐ நுனிக்கும் 3-ஐ நடு வளையத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதனால் இடது சேனலில் உங்கள் குரல், வலது சேனலில் அதே குரல் தலைகீழாக. ஹெட்போனில் ஒவ்வொரு காதும் தனித்தனியாகக் கேட்பதால் குரல் தெரிகிறது. மூளைக்கு அது எங்கிருந்து வருகிறது என்று மட்டும் புரிவதில்லை, நீங்கள் சொன்ன தலைசுற்றல் அதுதான். விண்டோஸ் பட்டை எந்தச் சேனலில் உச்சமோ அதைக் காட்டும், இரண்டையும் கூட்டிப் பார்க்காது. ஆகவே அது ஆடுகிறது. மீட்டிங் ஆப்கள் பேச்சை ஒரே சேனலாக, மோனோவாக அனுப்புகின்றன. அதற்காக இடதையும் வலதையும் கூட்டுகின்றன. கூட்டினால் பூச்சியம். அக்காவின் போனும் அதே கூட்டலைத்தான் செய்தது.

இரைச்சல் மட்டும் ஏன் தப்பித்தது என்றால், அது மைக்கிலிருந்து வரவில்லை. கணினிக்குள் இருக்கிற இரண்டு பெருக்கிகளும் ஆளுக்கொன்றாக உண்டாக்குவது. இடது இரைச்சலுக்கும் வலது இரைச்சலுக்கும் சம்பந்தமே இல்லை. சம்பந்தமில்லாத இரண்டு ஒன்றையொன்று அழிக்காது. நீங்கள் பூஸ்ட் ஏற்றிப் பார்த்திருக்காவிட்டால் எனக்கும் இவ்வளவு சீக்கிரம் பிடிபட்டிருக்காது.

சரிபார்ப்பது சுலபம். ஆடாசிட்டியில் பதிவைப் பெரிதாக்கி ஒரு எழுத்தின் அலையைப் பாருங்கள். மேல் அலை மலையாக இருக்கிற இடத்தில் கீழ் அலை பள்ளமாக இருக்கும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. பிறகு டிராக்ஸ் மெனுவில் மிக்ஸ் ஸ்டீரியோ டவுன் டு மோனோ கொடுங்கள். அலை தட்டையாகிவிடும். அதை அன்டூ செய்து, டிராக் பெயர் மேல் இருக்கிற மெனுவில் ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ கொடுத்து, கீழே இருப்பதை மட்டும் தேர்ந்தெடுத்து எஃபெக்ட் மெனுவில் இன்வர்ட் போடுங்கள். இப்போது இரண்டையும் மோனோவாகக் கலந்தால் குரல் திரும்ப வந்துவிடும். முன்பே பதிவு செய்து வைத்த பாடங்கள் இருந்தால் அவற்றையும் இப்படியே மீட்டுவிடலாம். ஒரு சேனலை அழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டாலும் போதும்தான். ஆனால் இன்வர்ட் செய்து கூட்டினால் குரல் இரு மடங்காகும்போது அந்த 'ஸ்ஸ்ஸ்' 1.4 மடங்குதான் ஆகும், கொஞ்சம் சுத்தமாக இருக்கும்.

ஒலிநூல் எடிட்டிங் என் பிழைப்பு. வீட்டிலிருந்து படித்து அனுப்புகிறவர்களின் ஃபைல் எதுவாக இருந்தாலும் முதலில் மோனோவாக்கிக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடுவேன். ஹெட்போனிலேயே சரிபார்த்து அனுப்பிவிடுகிறார்கள். கேட்பவர் போனை மேசையில் வைத்துக் கேட்டால் புத்தகமே காணாமல் போயிருக்கும்.

இனி என்ன செய்வது? எக்ஸ்எல்ஆர் துளை உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குவதுதான் நேர்வழி. அதற்குக் கழிக்கவும் தெரியும், மில்லிவோல்ட்டைப் பெருக்கும் தெம்பும் உண்டு. மீட்டிங்கில் இன்புட்டாக அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. செம்புக்கம்பி சொன்ன யுஎஸ்பி மைக் யோசனையும் தப்பில்லை, ஆனால் கையில் நல்ல மைக் இருக்கும்போது எதற்கு?

சால்டரிங் தெரியும் என்றால் கேபிளின் எக்ஸ்எல்ஆர் முனையைத் திறந்து திருத்தலாம். உள்ளே 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். 3-இல் இருக்கிற கம்பியை எடுத்து நுனியை டேப் சுற்றி ஒதுக்குங்கள். 3-ஐயும் 1-ஐயும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிடுங்கள். இப்போது இடது சேனலில் மட்டும் குரல் வரும், கூட்டினாலும் அழியாது. மோனோவில் 6 டெசிபல் குறையும், அவ்வளவுதான். ஒதுக்கிய கம்பியை 2-இலேயே சேர்த்தால் இரண்டு காதிலும் வரும். துளை தருகிற அந்தச் சில வோல்ட் இதுவரை இரண்டு கம்பியிலும் சமமாக நின்றதால் சுருள் வழியே பாயவில்லை. இனி கொஞ்சம் பாயும். 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை, பிளஸ் முனை கணினிப் பக்கம் இருக்கும்படி, 2-க்கு முன்னால் தொடராகப் போட்டால் அதுவும் நின்றுவிடும்.

ஒன்று மட்டும் வேண்டாம். ஸ்டீரியோவை மோனோவாக்கும் சின்ன அடாப்டர் வாங்கி நடுவில் செருகாதீர்கள். பல அடாப்டர்களில் நுனியும் நடு வளையமும் உள்ளேயே ஒன்றாக இணைந்திருக்கும். உங்கள் கேபிளோடு சேர்ந்தால் மைக்கின் இரண்டு முனையையும் நேராக ஷார்ட் செய்துவிடும். அப்போது பட்டைகூட ஆடாது.


நள்ளிரவு:

மென்பொருளிலேயே ஒரு சேனலை மட்டும் எடுக்க முடியாதா? கேபிளை வெட்டாமல்.


ஒலிப்பெட்டி:

முடியும். பிராபர்ட்டீஸின் அட்வான்ஸ்டு பகுதியில் 2 சேனலுக்குப் பதில் 1 சேனல் என்று தேர்வு செய்யலாம், அந்த வரி எல்லாக் கணினியிலும் இருக்காது. இருந்தாலும் டிரைவரைப் பொறுத்து இடதை மட்டும் எடுக்கும், அல்லது இரண்டையும் கூட்டிவிடும். கூட்டினால் மறுபடியும் பூச்சியம். ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளை மைக்குக்கும் நிறுவ முடியும். அதில் காப்பி என்ற கட்டளையால் இடதை வலதின் மேல் பதித்துவிடலாம். இன்றைக்கே வகுப்பு இருக்கிறது, கேபிளுக்கு நேரமில்லை என்றால் அது உதவும். நிரந்தரமாக அப்படியே விட நான் சொல்ல மாட்டேன். ஒரு விண்டோஸ் அப்டேட்டில் அது கழன்றுபோனால், காரணம் மறந்துபோயிருக்கும்.


வகுப்பறை:

தட்டை! மோனோ ஆக்கியதும் அலை கோடாகிவிட்டது. இன்வர்ட் போட்டுக் கலந்ததும் முழுக் குரலும் வந்தது. இரண்டு அலைகள் எதிர் கட்டத்தில் சந்தித்தால் அழியும் என்று வருடம் தவறாமல் கரும்பலகையில் படம் போடுகிறேன். அது என் குரலையே விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மாணவர்களிடம் சொன்னேன், சிரித்து முடிக்கவே நேரமானது. ஒருவன் மட்டும், "அப்போ சார், நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனும் இதேதானா?" என்று கேட்டான். ஆமாம், அதேதான். வெளிச்சத்தத்தைத் தலைகீழாக்கிக் காதுக்குள் சேர்க்கிறது.

சால்டரிங் அயர்ன் வீட்டிலேயே இருந்தது. எக்ஸ்எல்ஆர் முனை திருகாணி வைத்தது, எளிதாகத் திறந்தது. ஒதுக்கிய கம்பியை 2-இல் சேர்த்து, கெபாசிட்டரும் போட்டுவிட்டேன். அக்காவின் போனிலும் கேட்கிறது, மீட்டிங்கிலும் எல்லோருக்கும் கேட்கிறது. ஹெட்போனில் குரல் இப்போது நட்ட நடுவில் நிற்கிறது.

பூஸ்ட் 20-இல் வைத்திருக்கிறேன். அந்த 'ஸ்ஸ்ஸ்' மட்டும் இன்னும் இருக்கிறது. இதற்கு இன்டர்ஃபேஸ் வாங்குவதைத் தவிர வழி உண்டா?


ஒலிப்பெட்டி:

மைக் எங்கே இருக்கிறது? வெப்கேமரா மைக் பழக்கத்தில் மானிட்டர் பக்கத்தில் நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டைனமிக் மைக்கை வாய்க்கு நான்கு விரல் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் ஏறும் என்பது உங்களுக்கே தெரியும். ஒன்றரை அடியில் இருந்ததை நான்கு விரலுக்குக் கொண்டுவந்தால் பூஸ்ட்டை 20-இலிருந்து 10-க்கு இறக்கிவிடலாம், இரைச்சலும் கூடவே இறங்கும். நேராக வாய்க்கு முன்னால் வேண்டாம், 'ப' வருகிற இடமெல்லாம் காற்று மோதி வெடிக்கும். வாயோரத்திலிருந்து கொஞ்சம் சாய்த்து, முனை உதட்டைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். மின்விசிறி, எதிரொலி எல்லாம் அடங்குவதும் இந்த நெருக்கத்தால்தான், மைக்கின் விலையால் இல்லை.

முன்பக்கத் துளை வேண்டாம், பின்பக்கமே இருக்கட்டும். முன்பக்கத்துக்குப் போகிற கம்பி கேபினெட்டுக்குள் நீளமாக ஓடி, வழியில் எல்லாச் சத்தத்தையும் வாங்கிக்கொண்டு வரும்.


மேசைவிளக்கு:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினையும் இதுவாக இருக்குமோ என்று கேட்கிறேன். மேக்புக் வைத்திருக்கிறேன். வெளி மானிட்டர், கீபோர்டு இணைத்து லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்துவிட்டு வேலை செய்கிறேன். அப்போது மைக் சுத்தமாக இல்லை. திறந்தால் வருகிறது. ப்ளூடூத் ஹெட்செட் மைக்கை எடுத்தால் பேச முடிகிறது, ஆனால் எனக்குக் கேட்பதெல்லாம் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது. பாட்டு கேட்கும்போது அப்படி இல்லை.


ஒலிப்பெட்டி:

உங்களுடையது வேறு. டி2 என்ற பாதுகாப்புச் சிப் உள்ள மேக்புக்குகளிலும், அதற்குப் பின் ஆப்பிள் சிலிக்கானில், அதாவது ஆப்பிளின் சொந்தச் சிப்பில், வந்தவற்றிலும், மூடியைச் சாத்தினால் உள் மைக் மின்சுற்று அளவிலேயே துண்டிக்கப்படும். ஒட்டுக்கேட்பதைத் தடுக்க வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. எந்த செட்டிங்ஸாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஹெட்செட் விஷயத்தில், ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. பாட்டு வழி ஒருதிசைதான், மைக் அதில் கிடையாது. மைக்கைக் கேட்டதும் ஹெட்செட் பேச்சு வழிக்குத் தாவுகிறது. வழக்கமாக அதில் ஒலி நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகத்தான் போகும். பாட்டில் அது 44,100. டெலிபோன் மாதிரி ஆவது அதனால்தான்.

மானிட்டரில் வெப்கேமரா இருந்தால் அதன் மைக்கை, இல்லாவிட்டால் ஒரு சாதாரண யுஎஸ்பி மைக்கை இன்புட்டாக வையுங்கள். அவுட்புட் ஹெட்செட்டாகவே இருக்கட்டும். சிஸ்டம் செட்டிங்ஸில் மாற்றுவதோடு மீட்டிங் ஆப்பின் உள்ளேயும் இன்புட்டை மாற்றுங்கள். அங்கே மறந்துவிட்டால் அது ஹெட்செட் மைக்கையே பிடித்துக்கொண்டிருக்கும், டெலிபோன் சத்தமும் போகாது.


மேசைவிளக்கு:

ஆப்பின் உள்ளே மாற்றாமல்தான் விட்டிருந்தேன். மானிட்டரின் வெப்கேமரா மைக்குக்கு மாற்றியதும் ஹெட்செட்டில் சத்தம் பழையபடி நன்றாக வருகிறது. எதிர்முனையில் இருந்தவர், "இப்பத்தான் நீங்க மனுஷன் மாதிரி பேசுறீங்க" என்றார்.